வால்வுக் குழி ஆரை

ஒரு செடியை நட்டால், அது வேர் பிடித்ததா இல்லையா என்று பிடுங்கிப் பார்க்கிற ஆள் நான். தெரியாமல் செய்கிறேன் என்று சொல்ல மாட்டேன், தெரிந்தேதான் செய்வேன். ரோஜாக் குச்சி, முருங்கைப் போத்து, கறிவேப்பிலைக் கன்று என்று என் கையால் செத்ததெல்லாம் பெரிய பட்டியல். உலையில் சோறு வேகும்போது மூடியை நாலு தடவை திறப்பேன். பஸ் வருகிறதா என்று நிறுத்தத்தை விட்டு ரோட்டில் பாதி தூரம் நடந்து போய்ப் பார்ப்பேன். அதற்குள் பஸ் என்னைத் தாண்டிப் போய்விடும்.

"உக்கார்ற எடத்துல உனுக்கு முள்ளு கீதா?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். அவர் ஒரகடம் பக்கம் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர். கம்பெனி பஸ்ஸில் ஏறினாலும் தூங்குவார், வீட்டுக்கு வந்தாலும் தூங்குவார். அந்தத் தூக்கத்தைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

நான் கதை எழுதுகிறவள் என்பது வெளியூரில்தான் பேச்சு. உத்திரமேரூர் பக்கத்தில் இருக்கிற எங்கள் சின்ன ஊரில் நான் மனு எழுதுகிறவள். பட்டா மனு, முதியோர் உதவி மனு, தெரு விளக்கு மனு எல்லாம் என் கையெழுத்தில்தான் போகும். மற்ற நாட்களில் களை எடுக்கவும் நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போவேன். உட்கார்ந்து எழுதுவதைவிட குனிந்து வேலை செய்வது எனக்கு எப்போதும் சுலபமாக இருந்திருக்கிறது.

போன சம்பாவுக்கு மாகறல் பக்கம் ஒரு வயலில் களை எடுக்கப் போனோம். லோடு ஆட்டோவில் பத்துப் பன்னிரண்டு பெண்கள். நெல்லுக்கு நடுவே, கணுக்கால் தண்ணீரில் ஆரைக்கீரை படர்ந்து கிடந்தது. கம்பிபோல் மெல்லிய காம்பு, அதன் நுனியில் கூட்டல் குறி போட்டதுபோல் நாலு இலை. நிலத்துக்காரருக்கு அது களை. எங்களுக்கு அது சாயங்காலக் குழம்பு. பிடுங்கியதில் பாதி வரப்பில் விழும், பாதி எங்கள் மடிக்குள் போகும். அதை யாரும் கண்டுகொள்வதில்லை.

அன்றைக்கு நிலத்துக்காரர் வரப்பில் நின்று போனில் யாரிடமோ, "அடுத்த வருசம் ஆளுங்கள கூப்புட்ற வேலையே வோணாம், மருந்தடிச்சிட்றேன்" என்றார். எல்லாருக்கும் காதில் விழுந்தது. வேலை போய்விடுமே என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அதுதான் முதலில் தோன்றியது. ஆட்டோவில் திரும்பி வரும்போதுதான், மருந்தடித்தால் இந்தக் கீரையும் போய்விடும் என்று தோன்றியது. தோன்றிய பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மடியில் இருந்ததில் வேரோடும் சேறோடும் இருந்த ஒரு பிடியைத் தனியாக எடுத்து வைத்தேன்.

ஓட்டை பேசினில் அடியை அடைத்து, சேறு கரைத்து, தண்ணீர் நிறுத்தி அதை நட்டேன். இரண்டாம் நாள் தூக்கிப் பார்த்தேன், வேர் இல்லை. நாலாம் நாள் தூக்கிப் பார்த்தேன், ஏதோ இருப்பதுபோல் இருந்தது. ஆறாம் நாள் தூக்கியபோது கையோடு அழுகி வந்துவிட்டது. வந்த கோபத்தில் பேசினைத் தூக்கி, வீட்டுக்குப் பின்னால் வால்வுக் குழிப் பக்கம் கவிழ்த்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அந்த வால்வுக் குழியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் ஊரின் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. தொட்டியிலிருந்து கடைசித் தெருவுக்குப் போகிற பைப்பின் வால்வு, எங்கள் பின்வாசலுக்கு நேராக ஒரு சிமெண்டுக் குழிக்குள் இருக்கிறது. தினமும் காலையில் தொட்டி ஆபரேட்டர் தம்பி பைக்கில் வருவான். வால்வைத் திறந்துவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவான், ஒரு மணி நேரம் கழித்து வந்து மூடுவான். அந்த ஒரு மணி நேரமும் வால்வின் கழுத்திலிருந்து தண்ணீர் பீச்சிக்கொண்டிருக்கும். குழி நிறைந்து வழிந்து எங்கள் பின்பக்கத்துப் பள்ளத்தில் தேங்கும். மிச்சம்தான் கடைசித் தெருவுக்குப் போகும். அங்கே குழாயில் நூல் இழுத்ததுபோல் வரும்.

கடைசித் தெருவில்தான் அண்ணி இருக்கிறாள். ஊர் முறைக்கு அண்ணி. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். எங்கே வேலைக்குப் போனாலும் எனக்குப் பக்கத்து வரிசையில் குனிகிறவள். அவள் குழாயில் குடம் நிறைய அரை மணி ஆகும். அதற்குப் பதில் இரண்டு குடத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக் குழாய்க்கே வந்துவிடுவாள். எங்கள் குழாய் தொட்டிக்குப் பக்கம். எந்த நேரம் திறந்தாலும் கொட்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அண்ணி கேட்டுத்தான் அந்த வால்வைச் சரிசெய்யச் சொல்லி ஒரு மனு எழுதினேன். நல்ல மனு. 'குடிநீர் வீணாவது ஒருபுறம், கடைசித் தெருப் பெண்கள் குடத்துடன் அலைவது மறுபுறம்' என்று எனக்கே பிடித்த ஒரு வரி அதில் இருந்தது. முதல் கையெழுத்து அண்ணியுடையது. மனு போன இடத்திலேயே இருந்தது. நானும் மறந்துபோனேன்.

பேசினைக் கவிழ்த்ததையும் அப்படித்தான் மறந்துபோனேன். கார்த்திகை மழையெல்லாம் ஓய்ந்து ஒரு நாள் துணி காயப்போடப் போனால், பள்ளம் முழுக்க நாலு இலை. சேற்றில் ஒரு சாண், தண்ணீருக்கு மேல் ஒரு சாண் என்று ஓடிக்கொண்டிருந்தது. நான் பார்க்காமல் இருந்ததால்தான் அது பிழைத்திருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

அதன் பிறகு அதை நான் வளர்த்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். சோப்புத் தண்ணீர் அந்தப் பக்கம் போகாமல் ஒரு வாய்க்கால் வெட்டித் திருப்பினேன். ஓரத்தில் தலைகாட்டிய காட்டாமணக்கை வெட்டி எறிந்தேன். கொடியை இழுக்காமல் காம்பை மட்டும் நகத்தால் கிள்ளப் பழகினேன். கிள்ளக் கிள்ள வந்தது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போய் நின்று பார்ப்பேன். அது என்னைச் சட்டை செய்யவே இல்லை. பொழுது சாய்ந்தால் நாலு இலையையும் கூப்பிக்கொள்ளும், அவ்வளவுதான்.

அண்ணி வாரத்துக்கு இரண்டு நாள் வந்து ஒரு மடி கிள்ளிக்கொண்டு போவாள். பருப்போடு வேகவைத்து, பூண்டு தாளித்து, மத்தால் கடைவாள். முதல் நாளே பள்ளத்தைப் பார்த்தாள், வால்வுக் குழியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏம்மே, என் கொயாவுக்கு வர்ற தண்ணில கீர வெளைய வெச்சி, எனுக்கே தானம் குடுக்குறியா?"

நானும் சிரித்தேன். அவள் சொன்னது முழுக்க உண்மை என்பது அப்போதே எனக்குத் தெரியும்.

கீரை வந்த பிறகு மற்றதெல்லாம் தன்னால் வந்தது. முதலில் தட்டான்கள், அதிலும் ஊசி மாதிரி நீலமாக ஒரு வகை. பிறகு தவளை. பிறகு தவளைக்காக மடையான் கொக்கு ஒன்று வந்து, அசையாமல் நிற்கும். நான் போனால் வெள்ளையாகப் பறக்கும். சித்திரையில், ஏரி வற்றி, அதன் நடுப்பள்ளம் தவிர எல்லாம் காய்ந்து கிடந்த நேரத்தில், ஒரு ஜோடி காணாங்கோழி வந்தது. முகமும் மார்பும் வெள்ளை, முதுகு கறுப்பு, வாலுக்கு அடியில் செங்கல் நிறம். ஓரிடத்தில் நிற்காது. வாலை வெடுக் வெடுக்கென்று ஆட்டிக்கொண்டு நாலு அடி நடக்கும், திரும்பும், மறுபடி நடக்கும். என் வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே பார்த்துவிட்டு, "உன் தங்கச்சி வந்துகீது பாரு" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அது என் தங்கைதான்.

வைகாசியில் அண்ணியின் மகள் பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்தாள். பெண் குழந்தை. அத்தோடு அண்ணியின் குடக்கணக்கு மாறிவிட்டது. குழந்தைத் துணி அலச, பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் வைக்க, குளிப்பாட்ட என்று எட்டு நடை, பத்து நடை வந்தாள். வேலைக்குப் போகிற நாளில் விடியும் முன்பே வந்து நிற்பாள். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று. ஒரு நாள் பொறுக்க முடியாமல், நான் எழுதிய அதே பழைய மனுவின் நகலை எடுத்துக்கொண்டு பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டாள். இந்தத் தடவை வேலை நடந்தது.

ஆனி மாதம் முதல் வாரம் ஆபரேட்டர் தம்பி ஸ்பேனரும் கயிறுமாக வந்தான். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான், ஆரைக்கு நடுவில் இருந்த கோரைப் புதருக்குள் காணாங்கோழி முட்டையிட்டிருப்பதை நான் பார்த்திருந்தேன். ஐந்து முட்டை, மங்கல் நிறத்தில் பழுப்புப் புள்ளி. என்னைப் போல நிலைகொள்ளாதது என்று நான் நினைத்திருந்த அந்தப் பறவை, முட்டை மேல் உட்கார்ந்தால் கல் மாதிரி உட்கார்ந்தது.

"தம்பி, இருவது நாள் கய்ச்சி பண்ணக் கூடாதா?" என்று கேட்டேன்.

அவன் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்தான். என் கையெழுத்து.

"யக்கா, மனு குடுத்ததே நீதான்கா. வீணாவுதுன்னு எய்திகீற. இப்ப இருவது நாள் வீணாவட்டும்னு சொல்றியா?"

"அதில்ல..."

"இன்னா அதில்ல? அந்தத் தெருவுல கைக்கொயந்த கீது. உனுக்குத் தெரியாததா?"

தெரியும். குழியை விட்டு விலகி நின்றேன். அவன் குழிக்குள் இறங்கி, வால்வின் கழுத்தில் ஒழுகாமல் இருக்கச் சுற்றியிருந்த பழைய கயிற்றை நோண்டி எடுத்துவிட்டு, புதுக் கயிறு சுற்றி, நட்டை இறுக்கினான். திறந்து பார்த்தான். ஒரு சொட்டு இல்லை. போட்டோ எடுத்து பஞ்சாயத்து குரூப்பில் போட்டான். கொஞ்ச நேரத்தில் கடைசித் தெருவிலிருந்து ஒருத்தி, குழாயில் தண்ணீர் விழுகிற சத்தத்தை மட்டும் பதிவு செய்து அதே குரூப்பில் அனுப்பினாள். அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அது பொய்யில்லை.

மூன்றாம் நாள் பள்ளத்தில் சேறு வெடித்தது. ஆனி வெயில் அப்படி. ஓரத்து ஆரை சுருண்டு பழுப்பாகிவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. சேறு இளகலாக இருந்தவரை அதற்குள் கால் வைக்காத தெரு நாய் ஒன்று, காய்ந்த ஓரத்தில் கால் வைத்து மோந்துகொண்டே இரண்டு அடி உள்ளே போனது. கல்லெடுத்து விரட்டினேன். விரட்டிவிட்டு வீட்டுக்குள் வந்தேன், மறுபடி வெளியே போனேன், மறுபடி உள்ளே வந்தேன். அன்றைக்கு அடுப்பில் சோறு அடிபிடித்தது.

மத்தியானம் தெருவில் ஆள் இல்லாத நேரத்தில், வீட்டுக்காரருடைய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வால்வுக் குழிக்குள் இறங்கினேன். நட்டைப் பாதிச் சுற்றுத் தளர்த்தினேன். கொஞ்சம் யோசித்தேன். இன்னும் பாதிச் சுற்று தளர்த்தினேன்.

மறுநாள் காலையில் தம்பி வழக்கம்போல் திறந்துவிட்டு பைக்கில் போனான். பழையபடி தண்ணீர் பீச்சியது. குழி நிறைந்து, வழிந்து, ஆரைக்குள் இறங்கியது. சேறு நனைகிற வாசனை வந்தது. கதவில் சாய்ந்துகொண்டு அதைப் பார்த்தபோது எனக்கு இருந்த நிம்மதியை எழுதாமல் விட்டால் இந்தக் கதை பாதிப் பொய். அன்றைக்குப் பதினோரு மணிக்கு அண்ணி இரண்டு குடத்தோடு வந்து எங்கள் குழாயடியில் நின்றாள்.

"மூணு நாளு வந்துச்சி. திரும்பிப் போய்ட்ச்சி" என்றாள்.

"இன்னா ஆச்சாம்?"

இதைக் கேட்டது நான்தான். அந்தக் கேள்வியை என்னால் எப்படிக் கேட்க முடிந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

வால்வை மூட வந்த தம்பி, குழி நிறையத் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான். தண்ணீருக்குள் நட்டு தெரியவில்லை. கயிறு நிற்கவில்லை, நட்டின் மரை தேய்ந்திருக்கும், வால்வையே மாற்ற வேண்டும் என்று அவனாக முடிவு செய்துகொண்டான். புது வால்வுக்கு எழுதிப் போட்டான். அது வர எத்தனை நாள் ஆகும் என்று மனு எழுதுகிற எனக்குத் தெரியும். எனக்குத் தேவை இன்னும் பதினாறு நாள்.

அந்த நாட்களில் நான் உட்கார்ந்ததே இல்லை. காலையில் பைக் சத்தம் கேட்டால் பின்வாசலுக்கு ஓடுவேன். துணி துவைத்து முடித்து, துவைத்ததையே மறுபடி அலசுவேன். கோழியைப் போய்ப் பார்ப்பேன், அது சிவந்த கண்ணால் என்னைப் பார்க்கும். நாள் எண்ணுவேன். இன்னும் பதினான்கு, இன்னும் பதிமூன்று. அண்ணி வந்தால் ஓடிப்போய்க் குடத்தை நானே வாங்கிக் குழாயடியில் வைப்பேன், நிறைந்ததும் தூக்கி அவள் இடுப்பில் ஏற்றிவிடுவேன். தாராளமாக இருந்தேன். டீ வேறு போட்டுக் கொடுத்தேன்.

ஒரு காலையில் தம்பி வால்வைத் திறக்கிற நேரத்தில் அண்ணி வந்துவிட்டாள். காலிக் குடத்தை அவன் பைக் முன்னால் வைத்தாள். தொட்டிப் பக்கம் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

"இன்னா வேல செஞ்ச நீ? போட்டோ புடிக்கத் தெரிது, ஒரு நட்டு முடுக்கத் தெர்லியா? கடமைக்குன்னு கயித்த சுத்திட்டுப் போய்ட்ட. பச்சக் கொயந்த பீத்துணிய நான் எத்தினி நாளு சேத்து வெக்கிறது?"

"யக்கா, நான் நல்லாதான்கா முடுக்கினேன்."

"நல்லா முடுக்கினா ஏன்யா ஒயுவுது?"

அவனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. என் பக்கம் பார்த்தான். அவன் முடுக்கியபோது நான் பக்கத்தில் நின்றவள். ஒரு சொட்டு ஒழுகவில்லை என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி நான். கொடியில் காயப்போட்ட புடவையை இழுத்து நேராக்கிக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அண்ணி மறுபடி தண்ணீருக்கு வந்தாள். ஒரு குடம் நிறைந்து இன்னொன்று பாதி ஆகியிருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்:

"நீ ஒருத்தி கீறதால எங்க வூட்டுப் பொயப்பு ஓடுது. இல்லாங்காட்டி அந்தக் கொயந்தய வெச்சிக்கினு பேஜாராயிருக்கும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதை என்னால் தாங்க முடியவில்லை.

"அண்ணி, வால்வ லூஸ் பண்ணது நான்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. மறுபடி சொன்னேன். ஸ்பேனர், மத்தியானம், ஒரு சுற்று என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குழாயை மூடினாள்.

"இன்னாத்துக்கு?"

பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் கோரைப் புதரைக் காட்டினேன். ஒரு குடம் இடுப்பில் இருந்தபடியே குனிந்து பார்த்தாள். கோழி அசையவில்லை.

"எத்தினி முட்ட?"

"அஞ்சு."

"அஞ்சு" என்று அவளும் சொன்னாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபத்தைவிட ஆச்சரியம்தான் அந்த முகத்தில் அதிகம் இருந்தது.

"உன் வூட்டுக் கொயாவுல கொட்டிக்கினு கீதே. நாலு கொடம் மொண்டாந்து ஊத்தணும்னு உனுக்குத் தோணலியா?"

இப்படி என்று இடுப்புக் குடத்தைச் சாய்த்தாள். தண்ணீர் ஆரைக் காம்புகளுக்கு நடுவே சத்தமில்லாமல் ஓடி, கோரைப் புதரின் அடிவரைக்கும் போய் நின்றது. ஒரே குடம்.

எனக்குத் தோன்றவில்லை. இதுதான் உண்மை. குழியில் இறங்கவும் நட்டைத் தளர்த்தவும் பொய் சொல்லவும் நாள் எண்ணவும் தோன்றியது. வாசல் குழாயில் ஒரு குடம் பிடித்து வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து ஊற்றலாம் என்று மட்டும் தோன்றவே இல்லை. என் வீட்டுக்குப் பின்னால் தொட்டி வந்த நாளிலிருந்து நான் தண்ணீரைச் சுமந்து நடந்ததில்லை. அது தானாக வருகிற சாமான் என்று எனக்கு ஆகிவிட்டது. அண்ணிக்குத் தண்ணீர் என்றால் இடுப்பு.

"அந்தத் தம்பிய நாலு பேரு முன்னாடி பேசிட்டேனே" என்றாள். "அந்தப் பேச்ச யாரு திருப்பி எடுக்கறது?"

காலிக் குடத்தை மறுபடி குழாயில் நிறைத்துக்கொண்டாள். நான் தூக்கிவிடப் போனேன். வேண்டாம் என்று கையால் தள்ளிவிட்டு, தானே தூக்கிக்கொண்டு போனாள்.

பொழுது இருக்கும்போதே குழிக்குள் இறங்கி நட்டை இறுக்கினேன். பிறகு போனை எடுத்துக்கொண்டு, நின்றபடியே பஞ்சாயத்து குரூப்பில் எழுதினேன். ஊருக்கெல்லாம் மனு எழுதின கைக்கு அந்த இரண்டு வரி வரவில்லை. அழித்து அழித்துக் கடைசியில் இப்படிப் போட்டேன்: 'கடைசித் தெரு வால்வை ஆபரேட்டர் தம்பி சரியாகத்தான் செய்தார். அதைத் தளர்த்தியது நான். இப்போது இறுக்கிவிட்டேன்.' காரணம் எழுதவில்லை. எழுதினால் அது மனு ஆகிவிடும். ஊர் பேசியது. நூறு நாள் வேலையில் ஒரு வாரம் என் பக்கத்து வரிசையில் யாரும் நிற்கவில்லை. என் வீட்டுக்காரர் முழித்துக்கொண்டு, "இதுக்கு நீ தூங்கியே இருக்கலாம்" என்றார். தம்பி, குரூப்பில் ஒரு கட்டைவிரல் படம் போட்டான். மறுநாள் வந்து குழிக்கு இரும்பு மூடி போட்டுப் பூட்டினான். "சாவி என்கிட்டதான் இருக்கும் மேடம்" என்றான். அதுவரை அவனுக்கு நான் யக்கா.

அன்றிலிருந்து குடம் தூக்கினேன். காலையில் எட்டு, சாயங்காலம் எட்டு. முதல் நாள் பாதித் தண்ணீர் என் புடவையில்தான் போனது. வெயில் ஏறுவதற்குள் ஊற்றினால் சேறு மத்தியானம் வரை தாங்கும், சாயங்காலம் ஊற்றினால் விடியும் வரை தாங்கும். ஓரத்து ஆரை போனது போனதுதான். நடுவில் இருந்தது பிழைத்துக்கொண்டது, பழுத்த காம்புகளுக்கு நடுவே சுருண்ட துளிர்கள் எழுந்தன. நாய் இன்னொரு தடவை வந்து, கால் புதைந்ததும் திரும்பிப் போனது. நான் முட்டையைப் போய்ப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டேன். குறைத்தேன், விடவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் குடத்தோடு போனபோது கோரைப் புதரில் ஓடுகள் மட்டும் கிடந்தன. பயந்துவிட்டேன். குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் தேடினேன். வாய்க்கால் ஓரம் தாய்க்கோழி வாலை ஆட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. பின்னால் கரித்துண்டு மாதிரி நாலு குஞ்சு. ஐந்தாவது என்ன ஆனது என்று தெரியவில்லை. அவை அன்றைக்கே ஏரிப் பக்கம் போய்விட்டன, திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

அந்த ஒன்பது நாளும் அண்ணி எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை, அவள் குழாயில் தண்ணீர் வந்தது. கீரைக்கும் வரவில்லை.

நான் ஒரு மடி ஆரை கிள்ளி, வாழை இலையில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைசித் தெருவுக்கு நடந்தேன். நடக்கும்போது எண்ணினேன். எங்கள் குழாயடியிலிருந்து அவள் வாசல் வரை நானூற்றுப் பன்னிரண்டு அடி. போகும்போது லேசான மேடு. இத்தனை வருடம் அந்தத் தெருவுக்குப் போய் வந்திருக்கிறேன், அது மேடு என்று எனக்குத் தெரியாது.

அண்ணி குழாயடியில் குந்தி, குழந்தைத் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். தண்ணீர் தடதடவென்று பக்கெட்டில் விழுந்தது. உள்ளே குழந்தை அழுதுகொண்டிருந்தது. என்னைப் பார்த்தாள், துணியைப் பிழிந்தாள்.

"பொரிச்சிதா?"

"நாலு. ஏரிக்குப் போய்ட்ச்சிங்க."

"எத்தினி கொடம் ஊத்தின?"

"ஒரு நாளிக்குப் பதினாறு."

பிழிந்த துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இடுப்பு நோவுதா?"

"நோவுது அண்ணி."

"நோவட்டும்" என்றாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, கீரையை வாங்கிக்கொண்டாள்.